சீபாப் போட்டுப் படுத்தும் சாமத்தில் மூச்சு முட்டி எழும்புகிறேன், யாருக்காவது இப்படி உண்டா?

2024 ஒக்டோபர் 13, இரவு 9.40

வயது 57. மல்லாவிப் பக்கம், கணித ஆசிரியை. ஓகஸ்டில் கொழும்பில் நித்திரைப் பரிசோதனை செய்தேன். மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று அறிக்கை வந்தது. 30-க்கு மேலே போனால் கடுமையான வகை. செப்ரெம்பர் முதல் கிழமை சீபாப் மெசின் வாங்கினோம், நித்திரையில் தொண்டை மூடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெசின். மூக்கு மாஸ்க். அழுத்தம் 4-இல் இருந்து 16 வரை தானாக ஏறி இறங்கும்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், சாமம் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில் மூச்சு முட்டி விழிக்கிறேன். கிணற்றில் மூழ்கி மேலே வந்தவர் முதல் மூச்சை இழுப்பாரே, அப்படி. மாஸ்க்கைக் கழற்றிப் போட்ட பிறகுதான் காற்று உள்ளே போகிறது. நெஞ்சு படபடக்கிறது. தலை இடிக்கிறது. ஐந்து நிமிடம் கட்டிலில் குந்தியிருந்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது.

காலையில் மெசினின் திரையில் சிரித்த முகம். மணிக்கு 3.1 தடவைதானாம். 5-க்குக் கீழே இருந்தால் நல்லது என்று சொல்லித்தான் தந்தார்கள். அப்படியானால் ஏன் முட்டுகிறது? மெசின்தான் மூச்சை அடைக்கிறது என்று நான் நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 ஒக்டோபர் 13, இரவு 10.15

எழுத மறந்தது: விரலில் மாட்டும் ஒக்சிசன் கருவி ஒன்று கொரோனாக் காலத்தில் வாங்கியது வீட்டில் கிடக்கிறது. முந்தாநாள் முட்டி எழும்பிய உடனே மாட்டிப் பார்த்தேன். 96. இது இன்னும் குழப்புகிறது.

2024 ஒக்டோபர் 14

மெசினைத் தூக்கி மூலையில் வை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். மாட்டேன்.

மெசின் வருவதற்கு முன் என் நாள் எப்படிப் போனது என்று தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். பதினொரு மணிக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டு போகும். ஜூனில் ஒரு நாள் ஸ்கூட்டியில் குளக்கட்டால் வரும்போது ஒரு நொடி கண் செருகிவிட்டது. விழித்தபோது முன் சில்லு கட்டின் ஓரத்துப் புல்லில் ஏறியிருந்தது. அந்தப் பக்கம் தண்ணி. அன்றைக்குத்தான் குறட்டை என்பது வெறும் சத்தம் இல்லை என்று எனக்கு உறைத்தது. பரிசோதனைக்குப் போனதும் அதனால்தான்.

மெசினோடு படுக்கத் தொடங்கிய முதல் மூன்று கிழமை எனக்குப் புது உடம்பு கிடைத்தது போல இருந்தது. ஆகவே இதை விட முடியாது. ஏன் முட்டுகிறது என்றுதான் தெரிய வேண்டும்.

2024 ஒக்டோபர் 16

விசுவமடுவில் இருந்து எழுதிய அக்காவுக்கு. "உனக்குப் பங்கர் ஞாபகம்தான் வருகிறது" என்கிறீர்கள். நான் காட்டிய டொக்டர் ஒருவரும் இரண்டு நிமிடத்தில் இதையே சொல்லி, நித்திரைக் குளிசைக்குத் துண்டு எழுதித் தந்தார். அந்தக் குளிசையை நான் வாங்கவில்லை. மூச்சு நிற்கும் வருத்தக்காரருக்குச் சில நித்திரைக் குளிசைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மெசின் தந்தவர்களைக் கேட்காமல் போடக்கூடாது என்று கொழும்பில் சொல்லியிருந்தார்கள்.

பங்கர் ஞாபகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2009 மாசியில் மாத்தளன் மணலில் வெட்டிய பங்கருக்குள் நாங்கள் ஆறு பேர். உரப்பை கிடைக்காமல் சீலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மண் நிரப்பினோம். என்னுடைய கூறைச்சீலையும் அதில் ஒன்று. மாஸ்க்கை முதல் நாள் முகத்தில் கட்டியபோது அந்தக் காற்றில்லாத சூடு அப்படியே திரும்பி வந்தது. கை நடுங்கியது. பத்து நாள் பகலில் கதிரையில் இருந்து, மெசினை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கையால் பிடித்துப் பழகினேன். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பட்டியைக் கட்டி அரை மணி.

ஆனால் அந்தப் பயம் வந்தது மாஸ்க்கைப் போடும்போது. இப்போது வருவது நல்ல நித்திரை கொண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு. எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. இந்த மண்ணில் யாருக்கு என்ன வந்தாலும் "யுத்தப் பாதிப்பு" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபமாகிவிட்டது. எங்களுக்கு நுரையீரலும் இருதயமும் இருக்கின்றன. அவற்றையும் பாருங்கள்.

2024 ஒக்டோபர் 27

இருதயத்தை முதலில் பார் என்று எழுதிய கனடா அண்ணாவுக்கு நன்றி. அவர் சொன்னதை விளக்கமாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இருதயம் இரத்தத்தைத் தள்ளும் வேலை குறைந்தால் பகலில் காலில் தங்கும் நீர், படுத்தபின் இரத்தத்தோடு நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலில் தேங்கும். படுத்து ஒன்று, இரண்டு, மூன்று மணி நேரத்தில் முட்டி எழும்புவார்கள். எழும்பிக் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் மெல்ல மெல்ல ஆறும். சிலர் யன்னலைத் திறந்து காற்றுத் தேடுவார்கள். கால் வீக்கம், படுத்தால் இருமல், படுக்க ஒரு தலையணை போதாமல் மூன்று தேவைப்படுவது, இவையும் இருந்தால் மெசினோடு மினைக்கெடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் கிளிநொச்சிக்குப் போய் இ.சி.ஜி.யும் எக்கோ என்ற இருதய ஸ்கானும் எடுத்தேன். ஒரு அடிப்பில் 60 வீதம் இரத்தம் வெளியே போகிறது, நல்லது என்றார்கள். கால் வீக்கம் இல்லை. முட்டு வருத்தமும் (ஆஸ்துமா) இல்லை, ஊத வைத்துப் பார்த்தார்கள்.

ஆக இருதயம் இல்லை.

2024 நவம்பர் 3

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். தொடக்க அழுத்தம்.

என் மெசின் 4-இல் தொடங்கி மெல்ல ஏறும்படி வைத்திருந்தார்கள். 4 என்பது பலருக்குப் போதாது. சின்ன வயதில் பப்பாசி இலைத் தண்டால் தண்ணி உறிஞ்சி விளையாடுவோமே, அந்தத் தண்டால் மூச்சு எடுப்பது போல இருக்கும். மெசின் தந்தவரோடு போனில் கதைத்து, அவர் சொல்லச் சொல்ல அடி அளவை 7-ஆக மாற்றினேன். மெல்ல ஏறும் வசதியையும் நிறுத்தினோம். நேற்றிரவு படுத்த உடனே நித்திரை.

2024 நவம்பர் 6

மேலே எழுதியது அரைவாசிதான் சரி. படுக்கும்போது இருந்த திணறல் போய்விட்டது, அது உண்மை. சாமத்து முட்டல் போகவில்லை. நேற்று 2.05-க்கு. பழையபடி தலையிடியோடு.

அழுத்தத்தை நீங்களாகக் கண்டபடி கூட்டாதீர்கள் என்றும் எழுத வேண்டும். கூட்டினால் நல்லது என்று நினைத்து ஒருவர் 14 வரை ஏற்றி வைத்திருக்கிறார். அளவுக்கு மேலே போனால் சிலருக்கு மூளையே மூச்சு எடுக்கச் சொல்வதை இடையிடையே விட்டுவிடும். தொண்டை திறந்திருக்கும், ஆனால் மூச்சு இழுக்கும் முயற்சியே இருக்காது. மெசினின் நினைவு அட்டையில் இது தனியாகப் பதியும். பலருக்குச் சில கிழமைகளிலோ மாதங்களிலோ தானாகக் குறையும் என்றாலும், அந்த எண் கூடியிருந்தால் டொக்டர் பார்க்க வேண்டும். என் அட்டையில் அது கிட்டத்தட்டப் பூச்சியம்.

2024 நவம்பர் 10

இன்றைக்குக் கொஞ்சம் வேறு கதை.

அழுத்தம் 7, 10 என்கிறோமே, எதில் 7? சென்ரிமீற்றர் தண்ணியில். மெசின் உண்மையிலேயே அதைத் தருகிறதா என்று பார்க்கப் பழைய சேலைன் ரியூப் ஒன்றை எடுத்துக் கழுவி, குசினி மேசையில் அடிமட்டத்தோடு சேர்த்து 'ப' எழுத்து மாதிரி ஒட்டினேன். குங்குமம் கரைத்த தண்ணியைப் பாதி உயரத்துக்கு விட்டேன். மெசினை 7-இல் ஓடவிட்டு, பெரிய ரியூபின் வாயை உள்ளங்கையால் மூடி, சேலைன் ரியூபின் ஒரு நுனியை விரலிடுக்கால் உள்ளே நுழைத்தேன். சிவப்புத் தண்ணி ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி நின்றது. அளந்தால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. விரலிடுக்கில் காற்றுப் போயிருக்கும். 10-க்கு மாற்றினேன், இடைவெளி அகன்றது. என் கண் முன்னாலேயே. முப்பது வருசம் படிப்பித்தும் எனக்கு ஒரு எண் இவ்வளவு பிடித்ததில்லை.

இந்த முறையை 1981-இல் உலகத்துக்கு அறிவித்தவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கொலின் சலிவன். முதலில் வெளியான கட்டுரையில் நோயாளிகள் ஐந்தே பேர். தொண்டைச் சதை உள்ளே விழாமல் காற்றையே முட்டுக்கொடுக்கும் கம்பாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் யோசனை. வாழைக்குக் கப்புக் கொடுக்கிறோமே, அதே வேலை. ஐந்து பேரில் தொடங்கியது இன்று மல்லாவியில் என் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. அந்த மனிதருக்கு நான் நன்றியுள்ளவள்.

சரி, மெசின் பொய் சொல்லவில்லை. முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் முட்டல்?

2024 நவம்பர் 30

நாலு நாள் எழுத முடியவில்லை. மழை தெரியும்தானே, உயர்தரப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். எங்கள் பாதை முழங்கால் தண்ணி. கரண்ட் வந்து வந்து போனது.

இந்த மழைக்குள் ஒன்றைக் கண்டேன். குளிரில் ரியூபுக்குள் தண்ணி கட்டுகிறது. ஈரமூட்டியில் இருந்து வரும் சூடான ஈரக்காற்று, குளிர்ந்த ரியூபில் பட்டு வேர்த்துத் துளியாகி, குடல் இரைவது போலச் சத்தம் போட்டு மூக்குக்குள் தெறிக்கும். இதுதான் என்னை முட்ட வைக்கிறது என்று முடிவு கட்டினேன். ஈரமூட்டியை 5-இல் இருந்து 2-க்கு இறக்கினேன். மெசினைக் கட்டிலை விடத் தாழ்ந்த ஸ்ரூலில் வைத்தேன். ரியூபுக்குப் பழைய நூல் துவாயைச் சுற்றித் தைத்தேன். சத்தம் நின்றது.

முட்டல் நிற்கவில்லை. இந்தக் கிழமை மூன்று தடவை. முன்னரை விடக் கூட.

2024 டிசம்பர் 14

வாய் திறந்து காற்றுப் போகிறது என்று மூன்று பேர் எழுதியதால், வாயை மூடிப் பிடிக்கும் நாடிப்பட்டி வாங்கிப் போட்டேன். தடிமன் பிடித்தால் மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவோம், மூக்கு மாஸ்க்கின் காற்று வாய் வழியாக ஓடிவிடும், அதுவும் உண்மையான காரணம்தான். காலையில் நாக்கு பலகை மாதிரிக் காய்ந்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். எனக்கு நாக்கு காயவில்லை.

அட்டையைக் கணினியில் போட்டு முட்டல் வந்த இரவுகளை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. நல்ல இரவுகளில் கசிவுக் கோடு கொஞ்சம் மேலே கீழே ஆடுகிறது. முட்டிய இரவுகளில் ஒன்றரை மணியில் இருந்து கோடு தரையோடு தரை. கசிவே இல்லை. கசியாமல் இருப்பது நல்லதுதானே? அப்படியிருக்க ஏன் அந்த நேரத்தில் முட்டுகிறது?

கணக்கு எங்கேயோ தலைகீழாக நிற்கிறது. யாருக்காவது புரிந்தால் எழுதுங்கள்.

2024 டிசம்பர் 27, விடிய 4.10

இப்போதே எழுதாவிட்டால் நித்திரை வராது.

பள்ளி விடுமுறைக்கு வவுனியாவில் இருந்து மகள் பேத்தியோடு வந்திருக்கிறாள். என் அறையில்தான் படுக்கிறார்கள். கணவர் என் குறட்டைக் காலத்திலேயே விறாந்தைக்குப் போனவர், அங்கேயே பழகிவிட்டார். அதனால் இத்தனை நாளும் சாமத்தில் என்னைப் பார்த்தவர் எவரும் இல்லை.

பேத்திக்கு நாலு வயது. மாஸ்க்கோடு என்னை முதல் நாள் பார்த்துவிட்டு, "அம்மம்மா முறிகண்டிப் பிள்ளையார்" என்று சொல்லித் தும்பிக்கையைப் பிடித்துப் பார்த்தாள். நேற்றிரவு இரண்டு மணிக்குச் சிறுநீருக்கு எழும்பிய பிள்ளை தாயைத் தட்டி, "அம்மா, பிள்ளையாரைக் காணேல்லை" என்றிருக்கிறாள். மகள் ரோச் அடித்துப் பார்த்தால், தலையில் இருந்து நெஞ்சு வரை நான் பெட்சீற்றால் இழுத்து மூடியிருக்கிறேன். இரட்டையாக மடித்து, இரண்டு பக்கத்தையும் தலைக்குக் கீழே செருகி. மாஸ்க்கும் உள்ளே. ரியூப் மட்டும் வெளியே. மகள் பெட்சீற்றை விலக்கவும் நான் திணறி எழும்பவும் சரியாக இருந்தது.

இனி மாஸ்க்கைப் பாருங்கள். ரியூப் வந்து சேரும் முழங்கை மாதிரி வளைவில் பொட்டுப் பொட்டாகத் துளைகள் இருக்கும். ஊசி முனை அளவு. முதல் நாள் நான் அதைப் பழுது என்றே நினைத்தேன். உள்ளே வருவதற்கு ரியூப் ஒன்று, வெளியே போவதற்கு அந்தத் துளைகள் மட்டும்தான். நாம் விடும் மூச்சு அவற்றால் போக வேண்டும். மாஸ்க்குக்கு மாஸ்க், அழுத்தத்துக்கு அழுத்தம் மாறும் என்றாலும் நிமிடத்துக்கு 20, 30 லீற்றர் கணக்கில் அவற்றால் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தடித்த பருத்திச் சீலையால் அடைத்தால், விட்ட மூச்சையே திரும்ப எடுக்கிறோம். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 வீதம். நாம் விடும் மூச்சில் 4 வீதத்துக்கு மேல். நூறு மடங்கு.

மகள் தாதி. அவள் சொன்ன ஒன்று எல்லா முடிச்சையும் அவிழ்த்தது. மூச்சு முட்டுகிற உணர்வை உடம்பில் பெரும்பாலும் கிளப்புவது ஒக்சிசன் குறைவதல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதுதான். மாஸ்க்கைக் கழற்றி, கருவியைத் தேடி மாட்டுவதற்குள் ஒக்சிசன் எப்படியும் சரியாகிவிடும். அதனால்தான் 96. அந்தத் தலையிடியும் இதனால்தான். கசிவுக் கோடு தரையோடு கிடந்ததும் இதனால்தான். காற்று வெளியேற வழியில்லை என்றால் கசிவு எங்கே இருந்து வரும்? மெசினுக்குத் தொண்டை திறந்திருப்பது மட்டும் தெரியும், ஆகவே சிரித்த முகம்.

செப்ரெம்பரில் ஏன் வரவில்லை? அப்போது வெக்கை. பெட்சீற் கால்மாட்டில் கிடந்தது. மழை தொடங்கிய பிறகுதான் முட்டல் தொடங்கியது. அதை நானே முதல் நாள் எழுதியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

2024 டிசம்பர் 28

விசுவமடு அக்கா, நேற்று முழுக்க உங்களைத்தான் நினைத்தேன்.

நான் பெட்சீற்றை முகத்துக்கு மேலே இழுக்கும் பழக்கம் எப்போது வந்தது என்று மகள் கேட்டாள். சின்ன வயதில் இல்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பா. பங்கருக்குள் செல் விழும் ஒவ்வொரு அதிர்வுக்கும் சுவர் மணல் பொலபொலவென்று சரியும். வாயில், கண்ணில், காதில். சீலைத்தலைப்பால் முகத்தை மூடி, இரண்டு நுனியையும் தலைக்குக் கீழே செருகிக்கொள் என்று அம்மாதான் சொல்லித் தந்தா. பிறகு செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் முன்பின் தெரியாத குடும்பங்களோடு படுத்தோம். இரவு முழுக்க வெளிச்சம். முகத்தை மூடினால் மட்டும்தான் எனக்கென்று ஓரிடம். வீடு கட்டி, கதவு போட்டு, பதின்மூன்று வருசமாகிவிட்டது. கை இன்னும் அதையே செய்கிறது. இரண்டு பக்கமும் செருகி.

ஆகவே பங்கர் ஞாபகம் என்று நீங்கள் சொன்னதை மறுத்தது சரியா? எனக்கு மூச்சு முட்டியது பயத்தால் இல்லை, துளை அடைபட்டதால். அதில் மாற்றம் இல்லை. குளிசை போட்டு அமர்த்தியிருந்தால் நான் எழும்பாமலே உள்ளே கிடந்திருப்பேன். ஆனால் துளையை அடைத்தது எது என்று பார்த்தால், அக்கா, நீங்கள் காட்டிய இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒக்டோபரில் உங்களுக்கு நான் கொஞ்சம் சூடாகப் பதில் சொல்லிவிட்டேன். குறை நினைக்காதீர்கள்.

2025 ஜனவரி 5

என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு. பெட்சீற்றை விட்டுவிட்டுப் பேத்தியின் பழைய கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்தேன், இடுப்பில் இருந்து கழுத்துக்கு மட்டும்தான் எட்டும். இழுத்தாலும் முகத்துக்கு வராது. தலைக்கும் காதுக்கும் பனித்தொப்பி. ரியூபைத் தலைமாட்டுச் சுவரில் ஆணி அடித்து மேலே இருந்து தொங்கவிட்டேன், இதனால் ஒருபக்கம் சரிந்து படுக்கும்போது வளைவு தலையணைக்குள் புதைவதும் இல்லை. அதுவும் துளையை அடைக்கும்.

நுளம்பு வலைக்குள் படுப்பதால் பிரச்சினையா என்று நெடுங்கேணியில் இருந்து ஒருவர் கேட்டார். வலையால் காற்றுப் போகும், அது முகத்தில் ஒட்டாமல் இருந்தால் போதும்.

முதல் மூன்று இரவும் நித்திரை பிடிக்கவில்லை. முகம் வெறுமையாக இருந்தது. மகள் மெல்லிய கைலேஞ்சி ஒன்றைக் கண்ணுக்கு மேலே மட்டும் மடித்து வைத்தாள். மாஸ்க்குக்கு எட்டாது. அதோடு நித்திரை வந்தது. டிசம்பர் 27-க்குப் பிறகு ஒரு முட்டலும் இல்லை.

2025 ஜனவரி 26

ஒன்று வந்தது. நேற்று 3 மணிக்கு. உடனே போர்வையைத்தான் பார்த்தேன், இடுப்பில் இருந்தது.

விடிந்து மெசினின் பின்பக்கம் திறந்தால் வடிகட்டி செம்மண் நிறம். காலபோக அறுப்புத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வயல் தள்ளி அறுவடை மெசின் வெட்டுகிறது, பதரும் தூசியும் விறாந்தை முழுக்க. யாரோ வைக்கோலுக்கு நெருப்பும் வைத்திருக்கிறார்கள். புகை வடிகட்டியில் நிற்காது, அது மூச்சுக்குழாய்க்குள்ளேயே போகும். யன்னலை அடைத்து, வடிகட்டியை மாற்றி, மூக்கை உப்புத்தண்ணியால் கழுவிப் படுத்தேன். சரி.

வடிகட்டியை மாதத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்லித் தந்தார்கள். அறுப்புக் காலத்தில் எங்களுக்கு அது காணாது, கிழமைக்கு ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.

ஈரமூட்டிக்கு என்ன தண்ணி என்ற கேள்விக்கு: காய்ச்சி வடித்த தண்ணி. எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே படிவு அங்கேயும் வரும். பற்றரிக் கடைத் தண்ணியை ஊற்றச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அதே மாதிரிக் கானில்தான் அசிட்டும் வைத்து விற்கிறார்கள்.

2025 பெப்ரவரி 10

நேற்று ஞாயிறு, நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லாருக்கும் தெரியும். பாணந்துறையில் குரங்கு ஒன்று உபமின்நிலையத்துக்குள் பாய்ந்ததாம். பேத்தி போனில் கேட்கிறாள், "அனுமாரும் பிள்ளையாரும் கோபமா அம்மம்மா?" பகல் என்பதால் எனக்குத் தப்பியது. நேற்று நின்ற நுரைச்சோலை அனல்மின் நிலையம் இன்னும் ஓடாததால் இன்று ஒன்றரை மணி நேர வெட்டு வருகிறது.

கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு அடைத்துச் செத்துப்போவேனா என்று பலர் பயப்படுகிறீர்கள். மூக்கு மாஸ்க் என்றால் வாய் திறந்திருக்கிறது, எழும்பிக் கழற்றிவிடுவீர்கள். மூக்கும் வாயும் சேர்ந்து மூடுகிற மாஸ்க்கில், அழுத்தம் இல்லாதபோது தானாகத் திறக்கும் மூடி ஒன்று இருக்கும். கழுவும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பற்றரிக் கணக்கு: என் மெசின் ஈரமூட்டி இல்லாமல் ஏறத்தாழ 30 வாட் எடுக்கிறது. எட்டு மணிக்கு 240. 12 வோல்ற், 100 அம்பியர் மணி பற்றரியில் 1200 இருக்கும், ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும், ஆக 600. இன்வேட்டர் தின்பது போக இரண்டு இரவு ஓடலாம். ஈரமூட்டியையும் போட்டால் 80 வாட் வரை போகும், ஒரு இரவே முழுதாகத் தாங்காது. வெட்டு நாட்களில் ஈரமூட்டியை நிறுத்துங்கள்.

2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது இந்த மெசினில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

2025 பெப்ரவரி 23

ஒட்டுசுட்டான் தம்பி தனியாக எழுதியதை அவருடைய அனுமதியோடு இங்கே போடுகிறேன். அப்பா சீபாப் பாவிக்கிறவர், 68. சாமத்தில் முட்டி எழும்புகிறார். இந்த இழையைப் படித்துப் போர்வையை மாற்றினார்களாம். வடிகட்டியும் மாற்றினார்களாம். நிற்கவில்லை. பிறகு ஒக்டோபர் 27 குறிப்பைப் படித்துவிட்டுக் காலைப் பார்த்திருக்கிறார். விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றிருக்கிறது. அன்றைக்கே கொண்டுபோனார்கள். இருதயம்தான். நீர் போவதற்கு மருந்து ஏற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

என் போர்வைக் கதை நன்றாக இருக்கிறது என்று பலர் பகிர்ந்ததில் எனக்கு இப்போது பயம் வந்துவிட்டது. போர்வை என்னுடைய காரணம். உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று இல்லை. முதலில் இருதயம், முட்டு, கால் வீக்கம். அதைப் பார்த்த பிறகு மாஸ்க்குக்கு வாருங்கள். இந்தக் குறிப்பை இழையின் தலையில் ஒட்டச் சொல்லி நடத்துனரிடம் கேட்டிருக்கிறேன்.

2025 மார்ச் 16

துளைகளை எப்படிக் கழுவுவது என்று கேட்ட கனகராயன்குளத்துத் தம்பிக்கு: குழந்தைகளின் மெல்லிய பல்துலக்கி, இளஞ்சூட்டுத் தண்ணி, கொஞ்சம் வாசனையில்லாத சவர்க்காரம். ஊசியால் குத்த வேண்டாம், துளை பெருத்துவிடும். கழுவியபின் மெசினை ஓடவிட்டு, துளைக்கு முன்னால் புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். காற்றுப் படும்.

வெக்கை தொடங்கிவிட்டது. கம்பளிப் போர்வையைத் தோய்த்துக் காயப்போட்டு அலுமாரியில் வைத்தேன். பழைய பெட்சீற்றை மகள் வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டாள். நேற்றிரவு 7 மணி 20 நிமிடம், மணிக்கு 2.4 தடவை. கைலேஞ்சி மட்டும் இன்னும் கண்ணுக்கு மேலே இருக்கிறது.